கொண்டைப்புல்லும் தினைக்குருவியும்

எனக்கு எழுத வராது. ஐந்தாவது வரைக்கும்தான் படித்தேன். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் கன்னியர் மடத்துத் துணிகளின் மூலையில் அழியாத மையால் போடுகிற அடையாள எழுத்துகள்தான். ஒரு துணிக்கு ஒரு எழுத்து. நாற்பது வருஷம் அங்கே வெளுத்துக் கஞ்சி போட்டு இஸ்திரி தேய்த்தேன். அதனால் வாக்கியம் கோணலாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள். மறதி வேறு இருக்கிறது. ஒன்றைச் சொல்ல வந்து இன்னொன்றைச் சொல்லிவிட்டுப் போவேன்.

ஆனாலும் இதை எழுதிவிடுவது என்று உட்கார்ந்துவிட்டேன். எங்கள் தெருவில் இந்தக் கதையை ஆளுக்கொரு மாதிரி சொல்கிறார்கள். பொக்லைன் வண்டிக்கு முன்னால் நான் படுத்துக்கொண்டேன் என்று ஒருவர் சொல்கிறார். நான் படுக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அதுவும் என் நாற்காலி இல்லை.

சாரம் என்கிற எங்கள் பேட்டையில், தெருமுனையில் ஒரு மாதா கெபி இருக்கிறது. கல்லை அடுக்கிக் குகை மாதிரி கட்டி, உள்ளே மாதா சொரூபம் வைத்திருக்கிறார்கள். அதைக் கூட்டிக் கழுவுவதும் பூ வைப்பதும் என் வேலை. யாரும் கொடுத்த வேலை இல்லை. வீடு பக்கத்தில் இருப்பதால் என்னிடம் வந்து சேர்ந்தது. கெபிக்குப் பின்னால் ஒரு காலி மனை. என் சமையலறைப் பின்கதவைத் திறந்தால் அந்த மனைதான். மனைக்காரர் பிரான்சில் இருக்கிறார். அவர் தம்பி டவுனில் இருக்கிறார். இரண்டு பேருமே இந்தப் பக்கம் எட்டிப் பார்த்து நான் கண்டதில்லை. அதனால் அங்கே புல் நிம்மதியாக வளர்ந்தது.

அந்தப் புல்லை என் அம்மா கொண்டைப்புல் என்பாள். இடுப்பு உயரம் வரும். தண்டு மெல்லிசு. நுனியில் பத்துப் பன்னிரண்டு விரல் சேர்ந்து வானத்தைப் பார்த்து நிற்கும், மயிலின் கொண்டை மாதிரி. மழைக்குப் பிறகு அந்த விரல்களில் கத்தரிப்பூ நிறமும் சிவப்பும் கலந்து ஏறும். சாக்கடை சிமெண்டு வெடிப்பில்கூட அது வரும். விதைத்தவர் யாரும் கிடையாது.

கிறிஸ்துமஸ் குடிலுக்கு மற்றத் தெருக்களில் வைக்கோல் போடுவார்கள். கெபிக்குப் பக்கத்தில் போடுகிற எங்கள் தெருக் குடிலுக்கு மட்டும் கொண்டைப்புல் கூரை. அது என் யோசனை. யார் யோசனை என்று யாரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. டிசம்பர் முதல் வாரத்தில் புல்லை அடியோடு அறுக்க வேண்டும். விதை முற்றிவிட்டால் கொட்டிப்போகும், முற்றாவிட்டால் நிறம் கறுத்துப்போகும். இடையில் நாலைந்து நாள்தான் பதம். அறுத்ததைப் பிடி பிடியாகக் கட்டி, நிழலில் தலைகீழாகத் தொங்கவிட வேண்டும். சாயத்துணியை நிழலில் உலர்த்துகிற அதே கணக்குத்தான். ஒரு வாரம் கழித்து எடுத்து அடுக்கினால் கூரை சிவந்து நிற்கும். குடில் பார்க்க வருகிறவர்கள், "இது இன்னா, பெயிண்டு அடிச்சீங்களா?" என்று தொட்டுப் பார்ப்பார்கள். நான் கெபித் தூணுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். வருஷத்துக்கு ஒரு தடவை எனக்குக் கிடைக்கிற பெருமை அது.

இனி குருவி.

அந்தப் புல்லுக்கு ஒரு குருவி வரும். தினைக்குருவி என்போம். சிட்டுக்குருவியைவிடச் சின்னது, என் கட்டைவிரல் அளவு. மழைக்காலத்தில் ஆண் குருவி நன்றாகப் பழுத்த மிளகாய் மாதிரி சிவந்துவிடும். மேலெல்லாம் வெள்ளைப் புள்ளி, மிளகாய்ப்பழத்தில் நொய் அரிசி ஒட்டினதுபோல. பெண் குருவிக்கு வால் கிட்டே மட்டும் கொஞ்சம் சிவப்பு. புல் தண்டில் உட்கார்ந்தால் தண்டு வளையும், ஒடியாது. அவ்வளவுதான் எடை.

வெளுக்கிறவளுக்கு எதைப் பார்த்தாலும் சாயம்தான் கண்ணில் படும். சித்திரை வைகாசியில் அந்தக் குருவியைப் பார்த்தால் அடையாளமே தெரியாது. சிவப்பெல்லாம் போய் மண் நிறத்தில் இருக்கும். புல்லும் அப்போது அப்படித்தான், வெளுத்து, காய்ந்து, மிதித்தால் நொறுங்கும். ஐப்பசி மழை நாலு விழுந்ததும் இரண்டுக்கும் சாயம் ஏற ஆரம்பிக்கும். ஒரே தொட்டியில் முக்கி எடுத்தமாதிரி. எந்தச் சாயமும் ஒரு தடவை போனால் திரும்பி வராது என்பதுதான் நான் கண்ட தொழில். இந்த இரண்டும் மட்டும் வருஷா வருஷம் அதைப் பொய்யாக்கின.

இப்போது என் தப்பைச் சொல்ல வேண்டும்.

முந்தின வருஷத்துக்கு முந்தின வருஷம். வழக்கம்போல அறுத்து, கட்டி, ஒரு வாரம் தொங்கவிட்டு, குடிலுக்குக் கூரை போட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் தெருவில் ஒரு எலெக்ட்ரீசியன் இருக்கிறார், நாற்பது வயசு, குடில் வேலைக்கு அவர்தான் தலைவர். என்னைப் பெரிம்மா என்று கூப்பிடுவார். அவர் நட்சத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் நின்றார். ஒரு கட்டுக்குள் உருண்டையாக ஒன்று கையில் தட்டியது. மழையில் புல்லே சுருண்டு பந்தாகிவிட்டது என்று நினைத்தேன். ஒழுங்காக, அழகாக இருந்தது. கூரை உச்சியில் வைத்தேன்.

"சூப்பர் பெரிம்மா, ஸ்டாண்டு மாதிரி இருக்குது" என்று சொல்லி அவர் நட்சத்திரத்தின் கம்பியை அதற்குள் குத்தினார். நான் அடியில் கையைக் கொடுத்துப் பிடித்திருந்தேன். விரலில் ஏதோ பிசுபிசுத்தது. எடுத்துப் பார்த்தேன், மஞ்சள். இன்னொரு விரலை விட்டுப் பார்த்தேன். புளியங்கொட்டை அளவில் வழவழப்பாக, சில்லென்று நாலைந்து இருந்தன. ஒன்று வெளியே வந்தது. வெள்ளை வெளேரென்று முட்டை.

"இன்னா பெரிம்மா?" என்று கேட்டார். "ஒண்ணுமில்ல" என்றேன். "ஸ்ட்ராங்கா நிக்குது, விட்டுடுங்க" என்றார். விட்டுவிட்டேன். விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டேன். அந்த நட்சத்திரம் ஜனவரி ஆறாம் தேதி மூன்று ராஜா திருநாள் வரைக்கும் கூட்டுக்குள்ளேயே நின்றது. வந்தவர்கள் எல்லாரும் கூரையைப் புகழ்ந்தார்கள். மனையில் அறுத்த தட்டைமேல் அந்த ஜோடிக் குருவி அதற்கு முன்னாலேயே இரண்டு மூன்று நாள் சுற்றிச் சுற்றி வந்ததை நான் பார்த்திருந்தேன். ஏன் என்று அப்போது கேட்டுக்கொள்ளவில்லை.

கோவிலில் பாவசங்கீர்த்தனத்தில் என் பாவத்தைச் சொன்னேன். சாமியார், "தெரியாம செஞ்சது பாவமில்லம்மா. மூணு அருள் நிறைந்த மரியே ஜெபம் சொல்லுங்க" என்றார். மூன்று சொன்னேன். பிறகு நானாக இன்னும் மூன்று சொன்னேன். மனசு ஆறவில்லை. தெரியாமல் செய்தது அறுத்தது மட்டும்தான். "ஒண்ணுமில்ல" என்று சொன்னது தெரிந்துதானே சொன்னேன்.

அடுத்த வருஷம் குஞ்சு பறக்காமல் ஒரு தண்டும் அறுப்பதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

அந்த அடுத்த வருஷம் வந்தது. மழை வந்தது, புல் வந்தது, குருவி வந்தது. நவம்பர் கடைசியில் ஆண் குருவி தன்னைப்போல் மூன்று பங்கு நீளமான புல் இதழை வாயில் வைத்துக்கொண்டு கெபிச் சுவரோரம் போவதைப் பார்த்தேன். அங்கே ஒரு சின்ன முட்செடி, அதைச் சுற்றிக் கொண்டைப்புல் அடர்த்தி. முழங்கால் உயரத்தில் உருண்டையாகக் கட்டி, பக்கவாட்டில் வாசல் வைத்திருந்தது. கிட்டே போகவில்லை. விரல் விட்டுப் பார்க்கவும் இல்லை. என் விரல்மேல் எனக்கு நம்பிக்கை போயிருந்தது.

பக்கத்து வீட்டில் ஒரு பெண் இருக்கிறாள். சேதராப்பட்டுப் பக்கம் விவசாயக் குடும்பம். புருஷனுக்கு அங்கே கம்பெனியில் ஷிப்டு வேலை. என்னை அக்கா என்பாள். வாய் துடுக்கு, மனசு தங்கம். நான் பின்கதவில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு மதில்மேல் கையை ஊன்றினாள்.

"இன்னாக்கா, தெனமும் களைக்குக் காவலா? எங்க ஊருல இத்த மம்முட்டி வச்சி வாரிப் போட்டுடுவாங்க. நீ பிள்ள பெத்தவள பாக்கற மாதிரி பாக்கற."

நான் கையைக் காட்டினேன். அந்தச் சிவப்பு, தண்டில் ஆடிக்கொண்டிருந்தது.

"அடப் பாவமே, தினக்குருவி! எங்கப்பா கம்பங்கொல்லையில டின்னு தட்டி வெரட்டுவாரு இத்த. களையும் திருடனும் ஒரே எடத்துல குடித்தனம். நல்லா சேந்துச்சுங்க போ!"

அவள் சொன்னதை ரொம்ப நேரம் யோசித்தேன். கழனிக்காரருக்குப் புல்லும் வேண்டாம், குருவியும் வேண்டாம். டவுனில் அப்படி இல்லை. குருவியைக் காட்டினால் "ஐயோ எவ்ளோ அழகு" என்பார்கள், போன் எடுப்பார்கள். புல்லைக் காட்டினால் என்னைத்தான் ஒரு மாதிரி பார்ப்பார்கள். ஆனால் குருவி தின்பது அந்தப் புல்லின் விதை. வீடு கட்டுவது அந்தப் புல்லின் இதழ். ஒளிந்துகொள்வது அந்தப் புல்லுக்குள். புல்லைக் கழித்துவிட்டுக் குருவியை மட்டும் வைத்துக்கொள்ள முடியுமா? முடியும் என்று நினைப்பவர்கள்தான் கூண்டு செய்கிறார்கள்.

ஒரு தடவை சந்தையில் பச்சைக் குருவி என்று கூண்டில் வைத்து விற்றதைப் பார்த்தேன். பார்த்ததும் தெரிந்துவிட்டது, இதே குருவிதான், சாயம் பூசியிருக்கிறார்கள். இறக்கையைத் தூக்கினபோது அடியில் பழுப்பு எட்டிப்பார்த்தது. அதனால், "யார் கிட்டயும் சொல்லாத" என்று அவளிடம் கேட்டுக்கொண்டேன்.

"நான் எதுக்கு சொல்றேன்? ஆனா அக்கா, நேத்து ரெண்டு பேர் வந்து மனைய டேப்பு புடிச்சி அளந்துட்டுப் போனாங்களே, பாக்கலியா நீ? திங்கக்கெழம பொக்லைன் வருதாம். வூடு கட்டப் போறாங்க."

அன்றைக்கு வியாழன்.

எனக்குப் பேச வராது என்பது தெருவுக்கே தெரியும். கடையில் விரலால் காட்டித்தான் வாங்குவேன். ஆனால் மனைக்காரர் தம்பியைப் பார்த்தே ஆக வேண்டும். வெள்ளிக்கிழமை காலை டெம்போவில் டவுனுக்குப் போனேன். இறங்க வேண்டிய இடம் வந்தபோது "நிறுத்துங்க" என்று சத்தம் போட வாய் வரவில்லை. வேறொருவர் நிறுத்தச் சொன்ன இடத்தில் இறங்கி அவ்வளவு தூரமும் திரும்பி நடந்தேன்.

அவரை எல்லாரும் முசே என்பார்கள், பிரெஞ்சில் ஐயா என்கிறமாதிரி. பெரிய வீடு, பச்சைக் கதவு. மணியை அடித்தேன். பனியனும் லுங்கியுமாக அவரே வந்தார், கையில் பேப்பர்.

"போன், சொல்லுங்க. யாரு நீங்க?" என்றார். 'போன்' என்றால் பிரெஞ்சில் 'சரி' என்று அர்த்தம்.

"சாரம், முசே. மனைக்கு ஓரத்துல இருக்குறேன்."

"மனைய வெலைக்குக் கேக்க அனுப்புனாங்களா? அது விக்கறதுக்கு இல்லையே."

"இல்ல முசே. புல்லு…"

"புல்லா? பாம்பு வந்துச்சா? திங்கக்கெழம பொக்லைன் வருது. எல்லாம் கிளீன் ஆயிடும், பயப்படாதீங்க."

"வேணாம் முசே. புல்லு வேணும்."

கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "வேணுமா?"

குருவி என்று சொல்ல நாக்கு நுனிவரைக்கும் வந்தது. சொன்னால் இவர் யாரிடம் சொல்வாரோ என்று பயம். "குடிலுக்கு, முசே. கூரை போட" என்றேன்.

"அட, இதுக்கா இவ்ளோ தூரம் வந்தீங்க? தாராளமா எடுத்துக்குங்க. ஞாயித்துக்கெழமைக்குள்ள ஒண்ணு விடாம அறுத்துக்குங்க. எனக்கும் வேல மிச்சம்."

"மெர்சி முசே" என்று நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன். தெருமுனை வரைக்கும் வந்த பிறகுதான் உறைத்தது. கூட்டை அறுக்க நானே போய் அனுமதி வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன்! போன வருஷம் "ஒண்ணுமில்ல." இந்த வருஷம் "குடிலுக்கு." இரண்டும் ஒரே வாய்தான்.

கொஞ்ச நேரம் அந்த முனையிலேயே நின்றேன். பிறகு திரும்பிப் போய் மறுபடியும் மணியை அடித்தேன். ஒரே வீட்டு மணியை ஒரே நாளில் இரண்டு தடவை அடித்தது என் ஆயுசில் அதுதான்.

"குடை கிடை எதையாச்சும் மறந்துட்டீங்களா?" என்றார்.

"பொய் சொல்லிட்டேன், முசே" என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். நட்சத்திரக் கம்பியையும் சொன்னேன்.

அவர் பேப்பரை மடித்தார். "குருவி எவ்ளோ பெருசு?"

கட்டைவிரலைக் காட்டினேன். சிரித்துவிட்டார்.

"எங்கண்ணன் போன்ல கேட்டா நான் இன்னா சொல்றது? கட்டவெரலு சைசுல ஒரு குருவி, அதுக்காக வேலைய நிறுத்திட்டேன்னா?"

"நிறுத்த வேணாம், முசே. ஒரு கட்டில் அளவு விட்டா போதும். சுவரோரம். மூணு ராஜா திருநாள் வரைக்கும். அதுக்கப்புறம் நானே அறுத்துத் தந்துடுறேன்."

"பொக்லைன்காரன் கட்டில் அளவெல்லாம் பாக்க மாட்டான். மேலருந்து பாத்தா அவனுக்கு எல்லாம் ஒண்ணுதான். நீங்க வந்து நின்னு காட்டுவீங்களா?"

"நிப்பேன்."

"நாள் பூரா?"

"உக்காந்துக்குறேன்."

"மொதல்ல வந்தப்ப வாயே தெறக்கல. இப்ப இன்னாடான்னா கட்டில் அளவுக்குப் பேரம் பேசுறீங்க" என்று சொல்லிவிட்டு, "போன், செய்யுங்க" என்றார்.

யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று அவரிடமும் கேட்டுக்கொண்டேன். வரும்போது டெம்போவில் என் இடத்தில் "நிறுத்துங்க" என்று சொன்னேன். குரல் சின்னதாகத்தான் வந்தது. ஆனால் நின்றது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வேலையை ஆரம்பித்தேன். சுவரோரம் ஒரு கட்டில் அளவை விட்டு நாலு குச்சி நட்டு, பழைய வெள்ளைத்துணியைக் கிழித்துச் சுற்றிக் கட்டினேன். மீதி மனையில் அறுக்க முடிந்ததை எல்லாம் அறுத்தேன். எப்படியும் மறுநாள் மண்ணோடு போகப் போகிற புல். இந்தத் தடவை தலைகீழாகத் தொங்கவிடவில்லை. கொண்டை மேலே பார்க்கிறமாதிரி, கட்டுக் கட்டாகக் கெபியின் பின்சுவரில் நிறுத்திவைத்தேன். மனை மொட்டையானால் குருவி தன் குஞ்சுக்கு இரை எங்கே போய்த் தேடும்? விதை இருக்கிற புல் கூட்டுக்குப் பக்கத்தில் வேண்டும். குடிலுக்குக் கூரை இல்லை என்று அறுக்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. கை நிற்கவில்லை, அறுத்துக்கொண்டே போனேன்.

திங்கட்கிழமை எட்டு மணிக்கு அந்த மஞ்சள் வண்டி வந்தது. நான் குச்சிக்கு முன்னால் நின்றேன். தெருவே வேடிக்கை பார்க்க வந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை மதிலுக்கு மேலே தூக்கிக் கொடுத்தாள். "உக்காருக்கா. வுழுந்து தொலைச்சா அதுக்கும் குருவிதான் காரணம்னு சொல்லுவாங்க" என்று காதோடு சொன்னாள்.

வண்டிக்காரர் மேலேயிருந்து கூவினார்: "ஆயா, தள்ளி உக்காருங்க!"

"இது வரைக்கும்தான். முசே சொன்னாரு" என்றேன். இரைச்சலில் எனக்கே கேட்கவில்லை.

"இன்னா ஆயா, பொதையல் இருக்குதா அங்க?"

கூட்டம் சிரித்தது. எனக்கு முகம் எரிந்தது. எழுந்து உள்ளே போய்விடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது உண்மை. நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன். அதற்குள் பக்கத்து வீட்டுக்காரி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு ஒரு சத்தம் போட்டாள்:

"ஏம்பா, அது மாதாவுக்கு நேந்துவிட்ட புல்லு! தொட்டா கை வெளங்காம போயிடும். போன வருஷம் ஒருத்தன் தொட்டான், இன்னும் அவன் கைக்கு வைத்தியம் பாத்துக்கினு கீறான்!"

மாதாவுக்கு அவள் ஒரு மெழுகுவத்தி ஏற்றி நான் பார்த்ததில்லை. வண்டிக்காரர் ஒரு தடவை கெபியைப் பார்த்தார், ஒரு தடவை தன் கையைப் பார்த்தார். வண்டி இரண்டு முழம் தள்ளியே வேலை செய்தது. மாதா செய்த புதுமை, அற்புதம் என்று தெருவில் இன்றைக்கும் சொல்கிற கதை அங்கேதான் ஆரம்பித்தது. நேர்த்திக்கடனும் இல்லை, புதுமையும் இல்லை. ஆனால் நான் அப்போது அவளை மறுத்துப் பேசவில்லை. இது நான் வாயை மூடிக்கொண்டதில் மூன்றாவது. இதற்கு வருத்தமும் இல்லை.

மதியத்துக்குள் மனை மொட்டையாகிவிட்டது. சுவரோரம் மட்டும் கட்டில் அளவு புல், மொட்டை போடும்போது கத்தி படாமல் விட்ட முடிமாதிரி நின்றது. குருவியைக் காணோம். பின்கதவில் உட்கார்ந்தேன். சோறு இறங்கவில்லை. இரைச்சலுக்கு ஓடினது வராமலே போய்விட்டால்? ஒன்று, இரண்டு, மூன்று என்று மணி போனது. நாலு மணி இருக்கும். "ட்சீ" என்று மெல்லிசாக ஒரு சத்தம். நிறுத்தி வைத்த கட்டின்மேல் சிவப்பாக வந்து உட்கார்ந்தது. கொஞ்சம் விதை உருவியது. பிறகு கூட்டுக்குள் போனது. அதற்குப் பிறகுதான் சாப்பிட்டேன்.

எலெக்ட்ரீசியன் அடுத்த வாரம் வந்தார். "பெரிம்மா, இத்தன கட்டு நிக்குது. கூரைக்கு எடுத்துக்கலாமா?"

"வேணாம்."

"அப்ப கூரைக்கு?"

"இந்த வருஷம் தென்னங்கீத்து."

"கீத்தா? நம்ம தெருவுக்குப் பேரே அந்தச் செவப்புக் கூரைதானே பெரிம்மா! இன்னா கோவம் எங்க மேல?"

"கோவம் இல்ல. புல்லுல கை வைக்காதீங்க. அந்தப் பக்கம் சீரியல் லைட்டும் போடாதீங்க."

அவர் என்னை முதல்தடவை பார்க்கிறமாதிரி பார்த்தார். முணுமுணுத்துக்கொண்டே போனார். ஆனால் கீற்று கொண்டுவந்தார்.

கிறிஸ்துமசுக்கு முன்னால் இரண்டு நாள் விடாத மழை. முட்செடி ஆடியது. ஒரு பழைய குடையைக் கொண்டுபோய் வைக்கலாம் என்று இரண்டு தடவை எழுந்தேன், இரண்டு தடவையும் உட்கார்ந்தேன். பார்த்தால் புல்லே பாரம் தாங்காமல் சாய்ந்து கூட்டின்மேல் கவிந்துகொண்டது. நான் வைத்திருந்தால் குடை காற்றில் பறந்து கூட்டையே அடித்திருக்கும். குடில் பார்க்க வந்தவர்கள் யாரும் கூரையைத் தொடவில்லை. "இந்த வருஷம் உங்க தெருவு டல்லு" என்று ஒரு அம்மா சொன்னதைத் தூணுக்குப் பின்னால் நின்று கேட்டேன். வலித்தது. வலிக்கவில்லை என்று எழுதினால் பொய்.

வருஷம் முடிய இரண்டு மூன்று நாள் இருக்கும்போது ஒரு காலையில் பின்கதவைத் திறந்தேன். ஒரே தண்டில் நாலு குஞ்சுகள் உட்கார்ந்திருந்தன. மண் நிறம், கறுப்பு மூக்கு, வால்கூட முழுசாக வளரவில்லை. தண்டு கிட்டத்தட்டத் தரையைத் தொட்டது, ஒடியவில்லை. தகப்பன் சிவப்பாகச் சுற்றிச் சுற்றி வந்தது. பக்கத்து வீட்டுக்காரியைக் கைதட்டிக் கூப்பிட்டேன்.

அவள் வந்து பார்த்தாள். "இதுக்கா இவ்ளோ? செவப்பையே காணோம்! உன்ன நல்லா ஏமாத்திட்டாங்கக்கா" என்றாள். ஆனால் போகவில்லை. அடுப்பில் பால் பொங்குகிற வரைக்கும் அங்கேயே நின்றாள். பத்து மணி சுமாருக்கு ஒன்று பறந்து கெபிக் கல்லில் உட்கார்ந்தது. அப்புறம் மற்றதெல்லாம். நாலு நாள் அங்கேயும் இங்கேயும் சுற்றின. பிறகு ஒருநாள் இல்லை.

மூன்று ராஜா திருநாளுக்கு மறுநாள் அந்தக் கட்டில் அளவை நானே அறுத்தேன். முசே நினைவு வைத்துக் கேட்டிருக்க மாட்டார். ஆனால் சொன்னது சொன்னதுதான். கூட்டில் விரல் விட்டுப் பார்த்தேன், இந்தத் தடவை காலி. அதை எங்கேயும் குத்தி வைக்கவில்லை. இருந்த இடத்திலேயே விட்டேன், மண்ணோடு போனது.

இப்போது அங்கே வீடு எழும்பிவிட்டது. என் பின்கதவைத் திறந்தால் சுவர். புல்லும் குருவியும் ஒன்று என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன், சாயத்தை வைத்து. அது சரியில்லை போலிருக்கிறது. இந்த வருஷமும் மழை பெய்தது. கெபியின் இடது பக்கம், சாக்கடை ஓரம், சிமெண்டு வெடிப்பில் இருபது இருபத்தைந்து தண்டு வந்துவிட்டது. நான் எதுவும் செய்யவில்லை. கொண்டை சிவக்க ஆரம்பித்திருக்கிறது. குருவி இன்னும் வரவில்லை. இருபத்தைந்து தண்டை நம்பி யார் குடித்தனம் வருவார்கள் என்கிறாள் பக்கத்து வீட்டுக்காரி. இருக்கட்டும். எலெக்ட்ரீசியனிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன், இந்த வருஷமும் கீற்றுத்தான். முணுமுணுக்கவில்லை, "சரி பெரிம்மா" என்றார்.

நான் எழுதினதில் தப்பு இருக்கும். விவரம் தெரிந்தவர்கள் யாராவது சரிபார்த்துச் சொல்லுங்கள். அந்தப் புல்லுக்குப் புத்தகத்தில் என்ன பெயர், கொண்டைப்புல் என்பது என் அம்மா சொன்னது மட்டும்தானா? முட்டை பொரித்துக் குஞ்சு பறக்க எத்தனை நாள் ஆகும்? நான் போட்ட கணக்கு ஒரு மாசம். கூட்டில் ஐந்து முட்டை இருந்து நான் நாலு குஞ்சைத்தான் பார்த்தேனா, இல்லை முட்டையே நாலுதானா? எத்தனை தண்டு இருந்தால் ஒரு ஜோடி வரும்? இந்தக் கடைசிக் கேள்விக்கு மட்டும் கொஞ்சம் சீக்கிரம் பதில் வேண்டும். நேரில் வந்து பார்ப்பதாக இருந்தால் கெபியின் இடது பக்கம் வாருங்கள். சாக்கடை ஓரம் காலைப் பார்த்து வையுங்கள்.